தண்ணீர் வற்றிய குக்கர்

காலை ஏழு மணிக்கு எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு ஒரு சீட்டிச் சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் பருப்பு, அடுத்த வீட்டில் சாதம், எதிர் வீட்டில் உருளைக்கிழங்கு. அடுக்களைக்குள் எட்டிப் பார்க்காமலே சமையல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குக்கர் ஊருக்கே சொல்லிவிடுகிறது.

கூவுகிற குக்கரைப் பற்றி நமக்குப் பயம் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே அடுத்த வேலையைப் பார்க்கிறோம். கூவிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று மௌனமாகிவிட்ட குக்கரைக் கண்டுதான் பயப்பட வேண்டும். உள்ளே தண்ணீர் வற்றிவிட்டது, அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சற்று நேரத்தில் கருகல் வாடை வரும்.

"ஏ தாயி, என்னமோ கருகுற வாடை அடிக்குதே!" என்று மாமியார் குரல் கொடுப்பார். "ஐயோ, அத்தே!" என்று மருமகள் ஓடி வருவாள். அடுப்பு அணையும். பருப்பு போயிற்று. அதோடு கதை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம்.

உண்மையில் அப்போதுதான் கதை ஆரம்பமாகிறது. அன்று சாயங்காலம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கரியெல்லாம் போக்கி, பாத்திரத்தைப் பளபளவென்று ஆக்கிவிடுகிறோம். மறுநாள் காலையில் அதே குக்கர், அதே அடுப்பு, அதே அரிசி. கரி போய்விட்டது சரி. சூடு செய்துவிட்டுப் போன சேதமும் போய்விட்டதா? இதைப் பார்த்துவிட்டுத்தானே மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும்?

சிக்கனத்தில் பிறந்த ஊர்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் பெருஞ்சாலையில் இருக்கிறது இடைசெவல் என்கிற கரிசல் கிராமம். எழுத்தாளர் கு. அழகிரிசாமிக்கு 1970-ஆம் ஆண்டிலும், கி. ராஜநாராயணனுக்கு 1991-ஆம் ஆண்டிலும் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இருவருமே இந்த ஒரே ஊர்க்காரர்கள் என்றால் அதன் பெருமைக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

கரிசல் சீமை வானம் பார்த்த பூமி. மழை வந்தால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. வராவிட்டால் பெருமூச்சு. அப்படிப்பட்ட மண்ணில் எதையும் வீணாக்க மனசு வராது. பருத்தி எடுத்து முடிந்த பிறகு காய்ந்து நிற்கிற செடியைக்கூடப் பிடுங்கிக் கட்டி வந்து அடுப்பெரித்தார்கள். பருத்திமார் என்று அதற்குப் பெயர். இன்று அநேகமாக எல்லா வீடுகளுக்கும் காஸ் அடுப்பு வந்துவிட்டது. குக்கரும் கூடவே வந்துவிட்டது. சிக்கன புத்தி மட்டும் மாறவில்லை. மாற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் குக்கருக்கும் கரிசல் சீமைக்கும் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இடத்தில் கை தானாகவே தண்ணீரை அளந்துதான் ஊற்றும். "குழாயிலே தண்ணி வந்துட்டுது!" என்று தெருவில் ஒரு குரல் கேட்டால், அடுப்பில் என்ன இருந்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். விட்டால் மறுபடி எப்போது வருமோ! திரும்பி வருவதற்குள் குக்கரில் இருந்த தண்ணீர் வற்றிப் போயிருக்கும். போதாக்குறைக்கு இந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உப்புத் தண்ணீர். அது கொதிக்கக் கொதிக்க வெள்ளைப் பொறுக்காக ஆவிக் குழாய்க்குள் படிகிறது. இந்தத் தொல்லைகள் பட்டணத்து மாடி வீட்டுச் சகோதரிகளுக்கும் புதியவை அல்ல. அங்கே குடத்துக்குப் பதில் தொலைபேசி மணி அடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்ளே நடப்பது என்ன?

திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்கு மேல் எத்தனை விறகு வைத்தாலும் சூடு ஏறாது. குக்கரில் ஆவியை வெளியே விடாமல் அடைத்துவைப்பதால் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் கொதிக்கும் சூடும் ஏறும். மேலே உட்கார்ந்திருக்கிற வெயிட், அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ என்ற அளவுக்கு வந்ததும் எழும்பி ஆவியை விடுகிறது. அந்த நிலையில் உள்ளே சுமார் 120 டிகிரி. பருப்பு சீக்கிரம் வேகிற ரகசியம் இதுதான்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்றால் அற்பமாகத் தோன்றும். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மூடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஆக, மூடியை உள்ளிருந்து தள்ளுகிற பாரம் 300 கிலோவுக்கு மேல்! கோவில்பட்டிச் சந்தைக் கணக்கில் சொன்னால் மூன்று குவிண்டால் பருத்தி. தினமும் காலையில் இத்தனை பாரத்தை ஒரு ரப்பர் வளையமும், ஒரு மூடியும், ஒரு கைப்பிடிப் பூட்டும் சேர்ந்து தாங்கிக்கொள்கின்றன. நாம் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்குகிறோம்.

உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அடுப்பின் சூட்டையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். பாத்திரமும் 120 டிகிரியை ஒட்டியே இருக்கும். தண்ணீர் தீர்ந்த நிமிஷத்திலிருந்து சூட்டைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உருகுவதற்கு வெகு முன்னதாகவே, ஏறக்குறைய அதில் பாதிச் சூட்டிலேயே, அதன் விறைப்புக் குறைந்து இளகத் தொடங்கிவிடும். ரப்பர் காய்ந்து கட்டியாகும். கைப்பிடியின் பேக்லைட் உருகாது, ஆனால் கருகி உள்ளுக்குள் வெடிப்பு விடும். ஆறின பிறகு எல்லாம் பழையபடி இருப்பதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும்!

உருகிக் காக்கும் காவல்காரன்

ஆவியை அடைத்துச் சமைக்கிற யோசனை மிகப் பழையது. டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ஆம் ஆண்டில் லண்டனில் இப்படி ஒரு பாத்திரத்தைச் செய்து காட்டினார். கெட்டி எலும்பையே குழைய வைத்தது அது. 1682-இல் அங்கிருந்த ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளுக்கு அதில் சமைத்து விருந்தும் வைத்தார். அவருடைய கெட்டிக்காரத்தனம் ஆவியை அடைத்ததில் மட்டும் இல்லை. அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து ஆவியை வெளியேற்றும் வால்வு ஒன்றையும் அதில் பொருத்தினார். அடைக்கத் தெரிந்தவனுக்குத் திறந்துவிடவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நம் குக்கர் மூடியில் வெயிட்டுக்கு அருகே சின்னப் பொத்தான் மாதிரி ஒன்று இருக்கிறதே, சேஃப்டி வால்வு, அந்த வேலையைச் செய்வது அதுதான். அதன் நடுவில் எளிதில் உருகும் உலோகக் கலவை இருக்கும். ஆவிக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, தண்ணீர் வற்றினாலோ சூடு எல்லை மீறும். உடனே அந்தக் கலவை உருகி, துவாரம் திறந்து, ஆவி வெளியேறிவிடும். தான் அழிந்து வீட்டைக் காப்பாற்றுகிற காவல்காரன் அது.

காவல்காரனே போலியாக இருந்தால்? நம் நாட்டில் அப்படியும் நடந்தது. டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1928-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. குழுமத்தின் குக்கர் கம்பெனியை, பிற்காலத்தில் அவர் பேரன் டி. டி. ஜகந்நாதன் நடத்தினார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். வட இந்தியாவில் தங்கள் குக்கர்கள் வெடிக்கின்றன என்று புகார் வந்தபோது அவரே நேரில் போய்க் காரணத்தைத் தேடினார். குக்கரில் குற்றமில்லை. பழைய வால்வு உருகிப் போனதும், ஜனங்கள் கடையில் மலிவாகக் கிடைத்த போலி வால்வை வாங்கி மாட்டியிருந்தார்கள். உருக வேண்டிய நேரத்தில் அது உருகவில்லை!

போலியை ஒழிப்பது எளிதா? 'வால்வு போலியாக இருந்தாலும் குக்கர் வெடிக்கக் கூடாது' என்று யோசித்தார் அவர். மூடியின் விளிம்பில் ஒரு சிறு ஜன்னல் வெட்டினார். அழுத்தம் மிஞ்சினால் ரப்பர் வளையம் அந்த ஜன்னல் வழியாகப் பிதுங்கி, ஆவியை வெளியே விட்டுவிடும். இன்று பல குக்கர்களின் மூடி விளிம்பில் நீங்கள் பார்க்கிற நீளமான துவாரம் அதுதான். அதைக் கம்பியாலோ துணியாலோ ஒரு நாளும் அடைத்துவிடாதீர்கள்.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி செய்கிற ஊர். குச்சியின் தலையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கவாட்டில் வேறு மருந்து. இரண்டும் உரசினால்தான் தீ. பிரித்து வைத்திருப்பதில்தான் பத்திரம். நெருப்போடு பழகுகிறவர்களுக்கு இந்தச் சின்ன ஏற்பாடுகளின் அருமை தெரியும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

கருகல் வாடை வந்ததும் அடுப்பை அணையுங்கள். வேறொன்றும் செய்யாதீர்கள். வெயிட்டைத் தூக்க வேண்டாம். மூடியைத் திருக வேண்டாம். எல்லாவற்றிற்கும் மேலாக, 'குளிரட்டும்' என்று குழாயடியில் பிடிக்க வேண்டாம். கொதித்துக் கிடக்கிற உலோகத்தில் தண்ணீர் பட்டால் படீரென்று ஆவி கிளம்பி முகத்தில் அடிக்கும், பாத்திரமும் கோணிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் அதை அதன் போக்கில் ஆற விடுங்கள்.

ஆறிய பிறகு திறந்து பார்க்கையில் வால்வு உருகியிருந்தால், உள்ளே இருப்பதை அப்படியே கொட்டிவிடுங்கள். 'மேலாக இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது' என்று எடுக்க வேண்டாம். உருகிய உலோகம் அதில் சொட்டியிருக்கும்.

ஐந்து பரீட்சைகள்

சுத்தம் செய்த குக்கரைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு மர ஸ்கேல் போதும்.

முதலாவது, அடிப்பாகம். குக்கரைக் கவிழ்த்து, அடியின் மேல் ஸ்கேலைக் குறுக்காக வையுங்கள். நடுவில் மேடிட்டு ஸ்கேல் ஊசலாடினால் அடி பிதுங்கிவிட்டது. நேராகச் சமதரையில் வைத்தாலும் அது ஆடும். அடி உப்பினாலும், உலோகம் கொப்புளித்திருந்தாலும், வெடிப்போ சிறு குழியோ தெரிந்தாலும் அந்தக் குக்கரின் ஆயுள் முடிந்தது. தட்டி நிமிர்த்தக் கொடுக்காதீர்கள். நிமிர்ந்துவிடும், ஆனால் இளகிய உலோகத்துக்குப் பழைய பலம் வராது.

இரண்டாவது, வாயும் மூடியும். ரப்பரைக் கழற்றிவிட்டு மூடியை மாட்டிப் பாருங்கள். முன்பு வழுக்கிக்கொண்டு போனது இப்போது ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்து நிற்கிறதா? கோணல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். 'கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும்' என்கிற குக்கரை அடுப்பில் வைக்கக் கூடாது.

மூன்றாவது, ரப்பர் வளையம். விரலால் வளைத்துப் பாருங்கள். மிருதுவாக வளைந்து பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். விறைத்திருந்தாலும், பிசுபிசுத்தாலும், மெல்லிய கீறல் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். தண்ணீர் வற்றிக் காய்ந்த குக்கரின் ரப்பரைப் பரீட்சை பார்க்காமலே மாற்றிவிடுவது இன்னும் உத்தமம். சாதாரணமாகவே ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய சாமான் அது.

நான்காவது, சேஃப்டி வால்வும் ஆவிக் குழாயும். வால்வு உருகியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். உருகாவிட்டாலும் ஒரு முறை கடும் சூடு பட்டதை மாற்றிவிடுங்கள். குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். மறுபக்கம் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். உப்புப் படிந்திருந்தால் ஊசியாலோ மெல்லிய கம்பியாலோ குத்தி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஐந்தாவது, கைப்பிடிகள். திருகாணியை முடுக்கிப் பாருங்கள். முடுக்கியும் ஆடினாலும், பேக்லைட்டில் வெடிப்பு இருந்தாலும் புதிது போடுங்கள். மூடியைப் பூட்டுவது இந்தக் கைப்பிடிதான். கொதிக்கும் குக்கரைத் தூக்குகையில் அது கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஐந்திலும் தேறிவிட்டதா? கடைசியாக ஒரு வெள்ளோட்டம். புது ரப்பர், புது வால்வு மாட்டி, வெறும் தண்ணீர் இரண்டு டம்ளர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். குழந்தைகளை விலக்கி, நீங்களும் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். வழக்கமான நேரத்துக்குள் வெயிட் எழும்பிக் கூவ வேண்டும். விளிம்பில் ஆவி கசியக் கூடாது. வால்வைச் சுற்றி நீர் முத்து அரும்பக் கூடாது. கூவாமல் வெகு நேரம் இருந்தாலோ, ஓரத்தில் 'புஸ்' என்று வந்தாலோ அடுப்பை அணைத்துவிடுங்கள். நல்ல கம்பெனிகளுக்கெல்லாம் பழுது பார்க்கும் நிலையங்கள் இருக்கின்றன, அங்கே காட்டுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது

"அண்ணாச்சி, குக்கருக்கு ஒரு சேஃப்டி வால்வு கொடுங்க."

"எந்தக் கம்பெனிம்மா? எல்லாத்துக்கும் சேர்ற மாதிரி ஒண்ணு இருக்கு. விலையும் கொஞ்சம்தான்."

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். 'எல்லாத்துக்கும் சேரும்' என்பது செருப்பு வாருக்குப் பொருந்தலாம். குக்கர் வால்வுக்குப் பொருந்தாது. வெயிட்டும் அப்படியே. குழாயின் துவார அளவுக்குத் தகுந்தபடிதான் அந்தந்தக் கம்பெனி வெயிட்டின் கனத்தை நிர்ணயிக்கிறது. அடுத்த வீட்டு வெயிட்டை இரவல் வாங்கி மாட்டினால் அழுத்தக் கணக்கே மாறிவிடும். உருகிய வால்வின் துவாரத்தில் ஆணியையோ, காசையோ, பசையையோ வைத்து அடைப்பதோ, சொல்லவே வேண்டாம், காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவையும் வெளியே பூட்டிக்கொள்கிற கதை.

புதுக் குக்கரே வாங்குவதானால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடிப் பாருங்கள். பிரஷர் குக்கர்களுக்கு இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 2347. முத்திரை இல்லாத குக்கரை விற்கவே கூடாது என்ற அரசாங்க உத்தரவு 2021 பிப்ரவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அப்படியும் முத்திரையில்லாத குக்கர்களை விற்பனைக்கு வைத்ததற்காக, 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய இணையக் கடைகள்மீது நடவடிக்கை எடுத்து அபராதம் விதித்தது. ஒரு கடையில் மட்டும் அப்படி விற்றவை 2,265 குக்கர்கள். படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் முத்திரையையும் பார்த்து வாங்குவது நலம்.

வீட்டில் பார்க்க முடியாதது

குக்கரை நீங்களே பரீட்சை செய்யலாம் என்றேன். மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருக்கிறவர்கள் அதையும் அப்படியே நினைத்துவிடக் கூடாது. பாத்திரம் இல்லாமல் ஓடவிட்டோ, உள்ளே தீப்பிடித்தோ, பக்கத்து அடுப்பின் அனல் பட்டோ அது சூட்டில் கெட்டுப்போவது உண்டு. கதவு உருகி நெளிந்திருக்கிறதா, கீல் தளர்ந்ததா, கண்ணாடியில் விரிசலா, உள்சுவரில் பெயின்ட் பெயர்ந்து கருகியதா, ஓடும்போது பொறி பறக்கிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பதோடு நம் வேலை முடிந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். அதன் கதவு சரியாக மூடினால்தான் அலைகள் உள்ளே அடங்கியிருக்கும். கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, வாடையும் வராது. பின்பக்க மூடியைக் கழற்றவும் கூடாது. உள்ளே இருக்கும் கெபாஸிட்டரில் 2,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கக்கூடும். உயிரையே வாங்கிவிடும்.

எதில் சிக்கனம்?

குக்கர் காயாமலே பார்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் சுலபம். தண்ணீர் எத்தனை அருமையானாலும் குக்கருக்கு உரிய பங்கைக் குறைக்க வேண்டாம். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதையும் நிரப்ப வேண்டாம். பருப்பு, கம்பு மாதிரி நுரைத்துப் பொங்குகிறவற்றைப் பாதியோடு நிறுத்துங்கள். வெயிட் போடுவதற்கு முன் குழாயில் ஆவி நேராகக் கிளம்புகிறதா என்று ஒரு நொடி பாருங்கள். தண்ணீர் பிடிக்கக் குடத்தைத் தூக்கும்போது, மறு கையால் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். பாதி வெந்த பருப்பைத் திரும்பி வந்து வேகவைத்துக்கொள்ளலாம்.

புது ரப்பரும் புது வால்வும் சேர்ந்து என்ன விலை ஆகிவிடும்? குடும்பத்தோடு ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடுகிற செலவு ஆகாது. ஆனாலும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தனக்கென்று ஒரு ரூபாய் செலவழிக்க மனசு வராது. அடுக்களைச் சாமானுக்குச் செலவழிப்பதையும் தன் சொந்தச் செலவு என்றே நினைத்துவிடுகிறார்கள். 'இன்னும் ஒரு மாசம் ஓடட்டும்' என்று தள்ளிப்போடுகிறார்கள். குக்கருக்கு மிக அருகில் நிற்கிறவள் அவள்தான். இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவளும் அவள்தான்.

பழைய சேலையைக் கிழித்துக் கரித்துணியாக்குங்கள். பருத்திமாரைக் கட்டி வைத்து வெந்நீர் போடுங்கள். அதெல்லாம் அழகான சிக்கனம். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு வாளியைக் கிணற்றில் இறக்கலாம், ஆளை இறக்கலாமா? அடுத்த முறை கடைவீதிக்குப் போகும்போது பருப்பு, புளி, மிளகாய் என்று எழுதுகிற சீட்டில் 'குக்கர் ரப்பர், வால்வு' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.